காலை அளந்து செருப்பு கொடுங்கள்
(எங்கள் மாவட்ட மருத்துவப் பணிகள் துணை இயக்குநர் – தொழுநோய் – அவர்களுக்கு ஒரு திறந்த மடல்)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கடந்த ஜனவரி 30, தொழுநோய் ஒழிப்பு நாள் விழாவில், தொழுநோய் வந்து குணமான என் அப்பாவுக்கு ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு (மரத்த கால்களுக்கான, மென்மையான ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு) கொடுத்தார்கள். ஒன்பதாம் நம்பர். விரல்கள் மடங்கிப் பாதம் குறுகிப்போன அவருக்கு ஆறாம் நம்பரே பெரிது. கேட்டதற்கு, "வந்ததெல்லாம் இந்த சைஸ்தாம்மா, வாங்கிக்கோங்க" என்றார்கள். உறுதிமொழி வாசித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், வீட்டுக்கு வந்தோம். மாசி முடிவதற்குள் அப்பாவின் வலது முன்பாதத்தில் குழிப்புண் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் அந்த விழாவில் இல்லை. பெரிய செருப்புக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்குகிறது. குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டி இல்லாததால் மடங்கிய விரல்களால் பிடித்துக்கொள்ளவும் முடியாது. உணர்ச்சி உள்ளவர் என்றால் நாலு எட்டு வைத்ததுமே உறுத்தும், கழற்றிவிடுவார். அப்பாவுக்குப் பாதம் மரத்துப் பல வருடம் ஆகிறது. கொப்புளம் வந்ததும் தெரியவில்லை, உடைந்ததும் தெரியவில்லை. ஆடு மேய்த்துவிட்டு வந்தவர் நடந்த தரையில் ஈரத் தடம் கண்டு அம்மாதான் பதறிப்போய்க் காலைத் தூக்கிப் பார்த்தார்.

அப்பா கவனக்குறைவானவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உங்கள் பணியாளர்கள் சொல்லிக்கொடுத்தபடி தினமும் சாயங்காலம் காலைத் தண்ணீரில் ஊறவைப்பார், காய்த்துப்போன தோலை மெதுவாகத் தேய்த்து எடுப்பார், ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவார். அவர் பங்கை அவர் குறையில்லாமல் செய்தார். புண் வராமல் காக்கக் கொடுத்த செருப்பே புண்ணைக் கொண்டுவந்தது. இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சரி, புண் வந்தபின் என்ன? "காலை ஊன்றாதீங்க" என்கிறார்கள். சரியான அறிவுரைதான். இந்தப் புண்ணுக்கு எந்தக் களிம்பையும் விடப் பெரிய மருந்து, அதன்மேல் உடல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் ஆடு மேய்ப்பவர் காலை ஊன்றாமல் எப்படிப் பிழைப்பார்? மாவுக்கட்டு போட்டு உட்கார வைத்தோம். ஆடுகளைக் கொட்டிலில் கட்டிப்போட்டுத் தழை ஒடித்துப் போட அம்மாவால் எவ்வளவு நாள் முடியும்? முதலில் கிடாக்களை விற்றோம், அப்புறம் சினை ஆட்டையும். வாங்க வந்தவர் அப்பாவின் கட்டைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தே கேட்டார். புண் எலும்புவரை போனால் விரலை எடுக்க நேரலாம், காலையே எடுக்க நேரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் வந்த விலைக்குக் கொடுத்தோம். அளவான ஒரு ஜோடிச் செருப்பு இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

ஆகவே கேட்கிறேன்: காலை அளந்து செருப்பு கொடுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் படுகிற காயங்களே கையையும் காலையும் தின்கின்றன என்று நம் மண்ணில்தான் காட்டினார். மென்மையான ரப்பர் அடிப்பாகம், ஆணி அடிக்காத தையல், பாதத்துக்கேற்ற பட்டி எல்லாம் வேலூரிலும் அதை அடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்தவை. இன்று, அதேபோல் கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்கவும் அதே அறிவுதான் உலகமெங்கும் உதவுகிறது. அது பிறந்த மாநிலத்தில் மூட்டையாக வந்த செருப்பை வரிசையில் நிற்பவர்களுக்கு எடுத்து நீட்டுகிறோம்.

2005 டிசம்பரில் தேசிய அளவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தார்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பது அந்தக் கணக்கு. அதில் என் அப்பா இல்லை. தொழுநோய்க்குத் தரும் கூட்டு மருந்தை முடித்து, கிருமி போய், அவரது அட்டையில் குணமானவர் என்று எழுதியாயிற்று. ஆனால் செத்த நரம்பு திரும்பவில்லையே ஐயா! குணமானவர்களின் கால்களை எந்தப் பதிவேட்டில் வைத்திருக்கிறீர்கள்? சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களின் உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? ரத்தத்தில் சர்க்கரை அளவைக் குறிக்கிற சீட்டில் பாதத்துக்கு ஒரு வரி எழுத இடம் இல்லையா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்துப் பணியாளர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வந்ததைத்தான் அவர்களால் கொடுக்க முடியும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு நாளை முன்கூட்டியே அறிவித்து, இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வரைந்து அளவெடுக்கச் சொல்லுங்கள். பின்பட்டியோடு செருப்பு தைத்துக் கொடுங்கள். அடிப்பாகம் அமுங்கித் தட்டையானதும், அடுத்த ஜனவரிவரை காக்க வைக்காமல் மாற்றிக் கொடுங்கள். போன விழாவில் அளவு பொருந்தாமல் வாங்கிச் சென்றவர்களை இப்போதே கூப்பிட்டுப் பாதத்தைப் பாருங்கள். அப்பாவுக்கு முன்னும் பின்னும் வரிசையில் நின்றவர்களும் அதே ஒன்பதாம் நம்பரைத்தான் வாங்கிப் போனார்கள்.

அப்பாவின் மாவுக்கட்டை அடுத்த மாதம் பிரிப்பார்கள். அதற்குள் அவர் காலை அளந்து செருப்பு கொடுக்க ஏற்பாடு செய்யும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்