வரத்துக்காலுக்கு மூன்று சனிக்கிழமை

11.08.2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளிக்கு வந்து போகும்போது ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் திட்டில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டிப் பெருக்கும் அக்கா இரண்டு முறை தூக்கிப் போடப் பார்த்தார், பிள்ளைகள் விடவில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் இடியோடு பெய்ததே, அந்த மழையில் நம் ஓடையில் பிடித்த தண்ணீர் அது. ஒன்று பாறைக்குக் கீழே, புல்லும் புதரும் மிச்சமிருக்கிற இடத்தில் பிடித்தது. இன்னொன்று நம் பள்ளிச் சுவருக்குப் பின்னால் பிடித்தது. ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்துக் காலையில் பார்த்தோம். முதல் பாட்டிலின் அடியில் ஒரு நூல் கனத்துக்கு மண். இரண்டாவதில் இரண்டு விரற்கடை. போதாததற்கு ஒரு மிட்டாய்த் தாளும் மிதந்தது.

இரண்டு இடத்துக்கும் நடுவில் அரை கிலோமீட்டர்தான். அதற்குள் தண்ணீருக்கு என்ன ஆனது என்று பார்க்க, பிள்ளைகளோடு நானும் ஓடையிலேயே இறங்கி நடந்தேன். டிராக்டர் போகக் கரையை வழித்த இடம், வீடு கட்ட மண் எடுத்த பள்ளம், கட்டிட இடிபாடு கொட்டிய மேடு எல்லாம் இருந்தன. கடைசியில் நம் பள்ளி. சுற்றுச்சுவர் கட்டியபோது ஓடை போக ஒரே ஒரு சிமென்ட் குழாய் விட்டிருக்கிறார்கள். அதன் வாயைப் பாலித்தீன் பையும், தட்டு கழுவிவிட்ட சோறும், உடைந்த பெஞ்சுப் பலகை ஒன்றும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. பெஞ்சு நம் பள்ளியுடையதுதான், எண் போட்டிருக்கிறது. பத்து வருஷமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் யாருக்கும் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சரிசெய்ய உதவி கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் கண்மாய் மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கண்மாய் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நமக்குப் பாறையில் விழுகிற மழைதான். பாறையில் வழிந்து, ஓடையில் சேர்ந்து, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வந்து, நிரம்பிக் கலுங்கு என்கிற வழிந்தோடும் கல்கட்டைத் தாண்டினால் மறுகாலாகப் போய், அதுவே அடுத்த ஊருக்கு வரத்து. பாடப் புத்தகத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று ஒரு படம் போட்டு நீல நிறத்தில் கோடு கிழித்திருக்கும். பிள்ளைகள் அதை எங்கோ மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற சங்கதி என்றே நினைத்திருந்தார்கள். நம் பள்ளி மைதானமும் அதற்குள்தான் என்று சொன்னதும் ஒருவன் எழுந்து, "அப்போ சார், மைதானத்துல எச்சில் துப்புனா கண்மாய்க்குப் போகுமா?" என்று கேட்டான். மழை பெய்தால் போகும் என்றேன். இரண்டு நாள் யாரும் துப்பவில்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மண்தரையானால் பாதியைக் குடித்துக்கொள்ளும். பாறை குடிக்காது, பெரும்பகுதியை அப்படியே கீழே இறக்கிவிடும். பத்து ஏக்கர் பாறை என்றால் பத்து லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் எண்பது லோடுக்கு மேல். ஒரே மழைக்கு! சித்திரையில் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் எனக்கு அடுத்த பாடம் ஓடவில்லை.

பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. அங்கே ஏழு குன்றுகள்தான் 72 ஏரிகளுக்கும் 200 சுனைகளுக்கும் மூன்று தடுப்பணைகளுக்கும் தாய்மடி. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அதில் ஒன்று. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலுமாக 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. மொட்டைக் கல்லுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று அப்போது டீக்கடையில் ஒருவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட செய்தி வந்ததும், அதை எதிர்த்து மதுரைக்குப் போன பேரணியில் அவரும் நடந்தார். நீங்களும் பலர் போனீர்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தப் பேரணிக்குக் கூடிய கூட்டத்தில் நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் மண்வெட்டியோடு வந்தாலே நம் வரத்துக்கால் வேலை மூன்று நாளில் முடிந்துவிடும்.

சரி, கண்மாயைத்தான் சில வருஷம் முன்பே தூர் வாரிவிட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். வாரினார்கள், பொக்லைன் வைத்து ஆழமாகவே வாரினார்கள். அந்த ஐப்பசியில் நல்ல மழை. அடுத்த ஊர்க் கண்மாய் மறுகால் போனது. நம்முடையதில் நடுவில் நாலு குட்டைதான் நின்றது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோமே தவிரக் குழாயைத் திறக்கவில்லை. இன்னொன்றையும் நம் பெரியவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும். அதுவும் நல்லதுதான். ஆனால் பாசனத்துக்கு ஆழம் மட்டும் போதாது, வரத்து வேண்டும். தூர் வாருவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, படம் எடுக்கலாம். வரத்துக்காலில் அப்படி ஒன்றும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ஆகஸ்ட் 23, 30, செப்டம்பர் 6 ஆகிய மூன்று சனிக்கிழமைகளிலும் காலை ஆறரை முதல் பத்து மணி வரை வேலை. அதற்கு மேல் வெயில் தாங்காது. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்பதால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. அவர்களிடமும் ஊராட்சி ஒன்றியத்திலும் எழுத்துமூலம் அனுமதி வாங்கியாகிவிட்டது. முதல் சனிக்கிழமை பள்ளிக்குப் பின்புறம், நம் குப்பையை நாமே எடுப்பது. இரண்டாவது வாரம் வரத்துக்காலில் மேடு தட்டிய இடங்களை வெட்டிச் சீராக்குவது. மூன்றாவது வாரம் மேலே பாறையடிக்குப் போகிறோம். அங்கே மழைக்கு அரித்துக்கொண்டு இறங்கும் சின்னச் சின்ன வாய்க்கால்களில், அங்கேயே கிடக்கும் கல்லைக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு அடுக்க வேண்டும். சிமென்ட் கிடையாது. தண்ணீர் கல்லிடுக்கில் கசிந்து போகும், மண் நின்றுவிடும். நடுவில் கொஞ்சம் தாழ்வாகவும் இரு ஓரம் உயரமாகவும் அடுக்கினால்தான் நிற்கும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைக் குடைந்துகொண்டு சுற்றிப் போய்விடும். போன வருஷம் பிள்ளைகளோடு நான் அடுக்கிய ஒன்று அப்படித்தான் முதல் மழைக்கே போனது. கல் அடுக்கத் தெரிந்த கொத்தனார்கள் உங்களில் இருக்கிறீர்கள், கட்டாயம் வாருங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பிள்ளைகள் தொட மாட்டார்கள். முள் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் கிளையோடு வெட்டினால் மழை வந்ததும் இரண்டு மடங்காகத் தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு எந்திரம் வேண்டும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் நம்மிடம் உண்டு. வரத்துக்காலுக்குள் நிற்பதை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று ஒன்றியத்தில் கேட்டிருக்கிறேன்.

பனங்கொட்டை விஷயம் ஒன்று பாக்கி. போன வருஷம் கண்மாய்க் கரையில் 300 கொட்டை ஊன்றினோம். பத்தடிக்கு ஒன்று, ஓரடி ஆழம், ஒழுங்காக அளந்துதான் ஊன்றினோம். தை மாதம் போய்ப் பார்த்தால் கரை முழுக்கக் குழி. நம் பிள்ளைகளே பொங்கலுக்குக் கிழங்கு தோண்டி அவித்துத் தின்றுவிட்டார்கள். விசாரித்தபோது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், நாங்க ஊனுனதைத்தானே எடுத்தோம்" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் கிழங்குக்கென்று பள்ளித் தோட்டத்தில் தனியாக மண் கூட்டி ஒரு பாத்தி. கரையில் ஊன்றுவது கரைக்கு. வீட்டில் பனம்பழம் சாப்பிட்டால் கொட்டையைக் கழுவக்கூட வேண்டாம், அப்படியே கொடுத்தனுப்புங்கள்.

இனி, பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு. படிக்க அனுப்பினோமா மண் வெட்ட அனுப்பினோமா என்று ஒரு தகப்பனார் என் அறைக்கே வந்து கேட்டார். நியாயமான கேள்வி. இது கட்டாயம் இல்லை. வராத பிள்ளையிடம் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம், மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கே வரலாம். ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்கள் கையில் மண்வெட்டி கொடுக்க மாட்டோம். குப்பை பொறுக்குவது, கொட்டை சேர்ப்பது, அளவெடுப்பது மட்டும்தான். செருப்பு போதாது, பழைய ஷூ போட்டு அனுப்புங்கள். முழுக்கை சட்டை நல்லது. புதரில் விரியன் இருக்கும், அதனால் பெரியவர்கள் கம்பால் தட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகள் இறங்குவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன். பாம்பை விட எனக்குப் பயம் உடைந்த பாட்டில்கள்தான். அந்த ஓடையில் அரை மணி நேரத்தில் ஒரு சாக்கு பிராந்தி பாட்டில் சேர்ந்தது. குடித்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. 22-ஆம் தேதி சாயங்காலமே பெரியவர்கள் சிலர் வந்து கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டால் மறுநாள் பிள்ளைகளை நிம்மதியாக இறக்கலாம்.

கல் எடுத்துவிட்டுப் போன குவாரிக் குழிகளின் பக்கம் எந்தக் குழுவும் போகாது. அந்தக் குழிகளின் கதை கோர்ட்டில் பேச வேண்டியது, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் மழை பெய்து தண்ணீர் நின்றதும் பிள்ளைகள் அங்கே குளிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஓரம் செங்குத்தாக இருக்கும், கால் ஊன்ற இடம் இருக்காது. நீச்சல் தெரிந்தவனும் ஏறி வர முடியாது. சனிக்கிழமை என்றில்லை, எந்தக் கிழமையும் வேண்டாம்.

கண்மாய் வேலையில் இன்ன தெரு இன்ன வேலை என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஊரே கூடிக் கண்மாயைப் பராமரித்த குடிமராமத்து என்று பெருமையாகப் பேசும்போது அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளி நடத்தும் வேலையில் அது கிடையாது. எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கித்தான் குழு பிரிப்போம், பெற்றோருக்கும் அதே சீட்டுதான். பத்து மணிக்குக் கம்மங்கூழ், வெங்காயம், மோர் மிளகாய். எல்லாரும் ஒரே பந்தலில்.

வரத்துக்காலில் ஓரிடத்தில் தென்னங்கன்று நிற்கிறது. வைத்தவர் யார் என்று ஊருக்கே தெரியும், இங்கே எழுதத் தேவையில்லை. அவர் பிள்ளை நம் பள்ளியில்தான் படிக்கிறான். அதுபற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் வீட்டில் சொல்லுங்கள். கன்றைப் பிடுங்குவது பள்ளியின் வேலை இல்லை. 15-ஆம் தேதி கிராம சபை இருக்கிறது. ஓடைப் புறம்போக்கை சர்வேயர் வைத்து அளந்து கல் நட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள். கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் வீட்டுக்குப் போய்விடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நானும் வருகிறேன்.

மழைக்காலம் முழுக்கச் செய்ய ஒரு வேலையைப் பிள்ளைகளே எடுத்திருக்கிறார்கள். கலுங்குக் கல்லில் அடிக்கணக்கில் கோடு போட்டு, தினமும் காலையில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் பள்ளி வாசல் பலகையில் எழுதுவார்கள். பக்கத்திலேயே முந்தின நாள் மழை அளவும் இருக்கும். இவ்வளவு மழைக்கு இவ்வளவு தண்ணீர் வந்தது என்று தெரிந்தால்தான் நாம் வெட்டியது வேலை செய்கிறதா என்று தெரியும். வேலை செய்யாவிட்டாலும் அதே பலகையில்தான் எழுதுவார்கள், அழிக்கச் சொல்ல மாட்டேன்.

இத்துடன் உள்ள சீட்டைக் கிழித்து 20-ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளையை அனுப்ப சம்மதமா, வீட்டிலிருந்து யார் வருகிறீர்கள், எந்தச் சனிக்கிழமை, அவ்வளவுதான். அப்பத்தா, தாத்தா வந்தால் இன்னும் நல்லது. பழைய வரத்துக்கால் எங்கே வளைந்து போனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும், நிழலில் நாற்காலி போட்டுத் தருகிறோம். மண்வெட்டி, கடப்பாரை, சட்டி எத்தனை கொண்டு வர முடியும் என்பதையும் எழுதுங்கள். காம்பில் பெயர் எழுதிக் கொண்டு வாருங்கள். போன வருஷம் விட்டுப்போன மண்வெட்டி ஒன்று, பூவரசங்காம்பு போட்டது, இன்னும் என் அறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்