பொட்டலத்தின் மேல் பெயரை எழுதுங்கள்: சித்த வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சித்த மருத்துவர்களுக்கும், பரம்பரை வைத்தியர்களுக்கும், நாட்டு மருந்துக்கடை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

சித்த மருத்துவமே பொய் என்று சண்டை பிடிக்க வரவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் சளி என்றால் ஆடாதோடை, காய்ச்சல் என்றால் நிலவேம்புதான். கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் கொடுக்கும் மருந்தின் பெயரையும், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

என் பெரியப்பா மூட்டுவலிக்குப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கி, சிறுநீர் நுரைநுரையாகப் போக ஆரம்பித்ததும் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப்போனோம். "வேற என்ன மருந்து எடுத்துக்கறீங்க?" என்று அவர் கேட்க, பெரியப்பா எடுத்து வைத்தது செய்தித்தாளில் மடித்த ஒரு செங்கல் நிறப் பொடி. மேலே பேனாவில் 'கா, இ – தேனில்' என்று மட்டும் இருந்தது. வைத்தியருக்குப் போன் போட்டால் "எல்லாம் மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது" என்றார். எந்த மூலிகை ஐயா செங்கல் நிறத்தில் பொடியாகிறது? அது அயச் செந்தூரமா, லிங்கச் செந்தூரமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முன்னது இரும்பிலிருந்து செய்த பொடி, பின்னது பாதரசச் சரக்கிலிருந்து செய்தது.

பாதரசம் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுத்துப் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் புரதம் கசியும் ஒரு குறிப்பிட்ட வகை நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் போல நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் கசிவு குறைந்திருக்கிறது. அதாவது, எதை நிறுத்துவது என்று தெரிந்தால் பிழைக்க வழி உண்டு.

உலோகம் சேராத சுத்த மூலிகை என்றாலும் கதை இதுதான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. அங்கே யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியல் இருந்தது, 1990இல் புதிதாகச் சீன மூலிகைகளைச் சேர்த்ததும் அதில் இருந்தது, அதனால்தான் ஸ்டெபானியா என்ற வேருக்குப் பதில் அரிஸ்டலோகியா இனத்து வேர் கலந்துவிட்டதைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிறகு அந்தப் பெண்கள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த இனத்துச் செடிகள் சேர்ந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2002இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அதே இனம்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

"இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டையில் டைக்ளோபினாக் என்று அச்சடித்திருக்கிறது, டாக்டர் பார்த்ததும் நிறுத்தச் சொல்லிவிடுவார். உங்கள் பொட்டலத்தை வைத்து அவர் என்ன செய்வார்?

கைமுறை ரகசியம், பக்கத்துக் கடைக்காரன் திருடிவிடுவான் என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. சரி, செய்முறையை வைத்துக்கொள்ளுங்கள், சரக்கின் பெயரை மட்டும் கொடுங்கள். ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசம் கலந்த தாது), பாஷாணம் (நச்சுச் சரக்கு) எது சேர்ந்தாலும் கொட்டை எழுத்தில் போடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர் வந்தால், மருந்து கொடுக்கும் முன்பும் இடையிலும் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையும் சிறுநீர்ப் புரதமும் பார்த்து வரச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. யாருக்காவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மூடி மறைக்காமல் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். மருந்தின் பாதகங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு அங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கடைக்கு இனியும் வரப்போகும் ஒருவன்