மஞ்சள் வெட்டு பார்க்கப் போகிறோம்: ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தை மாதக் கடைசிச் சனிக்கிழமை பிள்ளைகளை முத்தூர்ப் பக்கம் ஒரு குடும்பத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறோம். காலை 8 மணிக்குப் பஸ் கிளம்பும். 4 மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். ஊஞ்சலும் நீச்சல் குளமும் வைத்திருக்கும் பண்ணைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அன்றாடம் வேலை நடக்கும் தோட்டம் இது. மஞ்சள் வெட்டும் நாளாகப் பார்த்துத்தான் தேதி வாங்கினோம்.

வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சளுக்கு இப்போது ஒன்பது மாதம் ஆகப்போகிறது. தாள் காய்ந்து சாய்ந்திருக்கும். தோண்டிய மஞ்சளை விரல் போன்ற விரலி வேறு, நடுவிலுள்ள உருண்டைக் கிழங்கு வேறாக உடைத்துப் பிரித்து, தனித்தனியாகப் பாய்லரில் வேகவைப்பார்கள். பருத்த கிழங்கு வேக நேரம் பிடிக்கும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், இன்னொன்று வேகாது. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் நுரை தள்ளி, மஞ்சள் வாசம் எழும்பும். அப்போது ஒரு விரலியை எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். தடையில்லாமல் இறங்கினால் பதம். வேக்காடு மிஞ்சினால் நிறம் கெடும், குறைந்தால் காய்ந்தபின் பொடுக்கென்று ஒடியும். ஆறிய விரலியில் பிள்ளைகளே குத்திப் பார்க்கலாம். பாய்லர் அருகே மட்டும் விடமாட்டோம். 15 அடி தள்ளிக் கயிறு கட்டச் சொல்லியிருக்கிறோம்.

வெந்த விரலியில் 5 கிலோ வாங்கி வந்து பள்ளி மாடியில் காயப்போட்டு, தினமும் எடை பார்ப்போம். 10 முதல் 15 நாள் ஆகும். 100 கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஏறக்குறைய 20 கிலோதான் தேறும் என்பதைக் கணக்கு நோட்டில் எழுதுவதைவிட, தராசில் பார்க்கட்டும்.

அடுத்து கொரங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், மேயும் காங்கயம் மாடுகள். கன்று பிறக்கும்போது செம்மை நிறம், ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலாக மாறும். இரண்டு நிறக் கன்றுகளும் அங்கே இருக்கின்றன. கன்று ஈன்ற மாட்டருகே போகக் கூடாது, எந்த மாட்டையும் பின்பக்கமாக நெருங்கக் கூடாது. சிவப்புச் சட்டை போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. மாட்டுக்குச் சிவப்பு தனியாகத் தெரியாது. அது மிரள்வது படபடக்கும் துணிக்கும் விரிக்கும் குடைக்கும்தான். ஆகவே துப்பட்டா, குடை வேண்டாம். உள்ளே போனதும் படலை, அதாவது வேலிக் கதவை, சாத்த வேண்டும். மறந்தால் மாடு பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் நிற்கும்.

ஒரு வேண்டுகோள். மாட்டுக்குக் கொடுக்கச் சொல்லிப் பொங்கலோ சோறோ கொடுத்தனுப்பாதீர்கள். அதிகமாகத் தின்றால் வயிற்றில் புளித்து மாடு படுத்துவிடும், சில சமயம் இறந்தும் போகும். மாட்டுப் பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் இதைத்தான் எச்சரிக்கிறார்கள்.

செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போதும். வெள்வேல முள் மெல்லிய ரப்பரைத் துளைத்துவிடும். முழுக்கால் பேன்ட், தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர். மாட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவித்தான் சாப்பாடு. சாணம் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. மதியம் அரிசியும்பருப்புச் சாதம், நெய், தயிர். பால் கொடுத்தால் காய்ச்சியதுதான். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, மூச்சிளைப்பு உள்ள பிள்ளை என்றால் எழுதித் தாருங்கள், மருந்தையும் பேர் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கிணறுதான் எங்களுக்குப் பெரிய கவலை. நம் பக்கம் பாறை வெட்டிய கிணறு பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. இந்தத் தோட்டத்தில் கம்பி வலை போட்டிருப்பதை நேரில் பார்த்தபிறகே ஒத்துக்கொண்டோம். இருந்தாலும் கிணற்று மேடு, மோட்டார் ரூம் பக்கம் யாரும் போகக் கூடாது. மருந்து அடித்த பாத்திக்குள்ளும் இறங்கக் கூடாது. கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று முந்தின நாளே கேட்டுவிடுவோம். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் கூட வருவார்.

பஸ்ஸுக்கு 150, தோட்டத்துக்கு 200, ஆக 350 ரூபாய். 200 அதிகம் என்று தோன்றலாம். அன்றைக்கு இரண்டு ஆள் வெட்டு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். கட்ட முடியாதவர்கள் என்னிடம் சொன்னால் போதும். சம்மதச் சீட்டு புதன்கிழமைக்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: பழைய துணி போட்டு அனுப்புங்கள். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்துவிடும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் வெளிறிவிடும்.