இசை வகுப்பறையும் வீட்டுப் பிராணிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே இசை வகுப்பு நடத்துகிறவர்கள் நாயோ பூனையோ வளர்க்கலாமா என்ற பேச்சு இங்கே பினாங்கில் பெற்றோரிடையே அவ்வப்போது எழுந்து, பெரும்பாலும் மனக்கசப்பிலேயே முடிகிறது. பாயான் பாரு பக்கம் அடுக்குமாடி வீட்டில் வீணை சொல்லித் தரும் என் தோழி ஒருவருக்கு மாணவி ஒருத்தியின் தாயார், பூனையைக் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டால்தான் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்புவேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். கொடுமையான பேச்சுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டு என்பதும், வீட்டில் பூனை இருக்கும் செய்தியே வகுப்பில் சேர்த்துச் சில மாதங்கள் கழித்துத்தான் தாயாருக்குத் தெரிந்தது என்பதும் உண்மை. வயலின் சொல்லித் தருபவள், பூனையும் வளர்ப்பவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: வீட்டில் பிராணி வளர்ப்பது ஆசிரியரின் உரிமை, ஆனால் அது வகுப்பறைக்குள் வரக்கூடாது, அது இருக்கும் விவரத்தை முதல் மாதக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

பியானோ வகுப்பில் பிள்ளை நாற்காலியில் அமர்கிறது. அறை மூலையில் நாய் படுத்திருந்தால் பெரிய இடையூறு இல்லை. நாமோ தரையில் பாய் விரித்துச் சம்மணமிட்டு அமர்கிறவர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் முகமும் நாயின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். கர்நாடக முறையில் வயலினின் ஒரு முனை மார்போடு சேர்ந்தும், சுருள் முனை வலது கணுக்காலின்மேல் ஊன்றியும் இருக்க, இடக்கை தந்தியிலும் வலக்கை வில்லிலும் இருப்பதால், பிராணி கிட்டே வந்தால் தள்ளிவிடப் பிள்ளைக்குக் கை கிடையாது. பூனை அந்தப் பாதத்தில் லேசாக உரசினாலே கருவி அசைந்து சுருதி விலகிவிடும். வில்லின் நுனி போவதையும் வருவதையும் கண்டால் எந்தப் பூனைதான் சும்மா இருக்கும்? மிருதங்க வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அதன் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ஈர ரவையைப் பூனை நக்கும், நாய்க்குட்டிக்குத் தோல் வாரைக் கண்டால் பல் ஊறும். பிறகு மிருதங்கத்தைக் கட்டித் தர ஆள் தேடி அலைய வேண்டியதுதான்.

ஒவ்வாமை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பூனை முடிதான் காரணம் என்று நினைத்து, அறையைப் பெருக்கிவிட்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் காரணம், பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உள்ள ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது முடியில் படிந்து, காய்ந்து, நுண்ணிய துகளாகக் காற்றில் மிதக்கிறது. பூனை அந்த வீட்டை விட்டே போன பிறகும் பாயிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடியது. ஆகவே பிள்ளைகள் வரும் நேரத்தில் மட்டும் பூனையைத் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்துவதில் அதிகப் பயன் இல்லை. அந்த அறை எந்நேரமும் பூனை நுழையாத அறையாக இருக்க வேண்டும். அண்டை வீட்டாருக்குச் சத்தம் போகாமலிருக்க நாங்கள் சன்னலை அடைத்து ஏர்கோன் போட்டுத்தான் வகுப்பு நடத்துகிறோம் என்பதையும், வாய்ப்பாட்டுப் பிள்ளைக்கு மூச்சுதான் கருவி என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாய் என்றால் கணக்கு வேறு. தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகளும் வயலினும் கீபோர்டும் கற்க வருகிற ஊர் இது. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்க முறை. பூனைக்கு அப்படி இல்லை. 2015 செப்டம்பரில் இம்மாநிலத்தில் வெறிநாய்க்கடி நோய் பரவியதும், தெருநாய்களைக் கொல்வது பற்றி எழுந்த சர்ச்சையும் பெற்றோருக்கு இன்னும் நினைவிருக்கும். எனவே நாய்க்கு உரிமமும் தடுப்பூசி அட்டையும் இருந்தால், கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுவதில் ஆசிரியருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது என்கிற 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாக விதிமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வயலினோடு சேர்ந்து நாயும் ஊளையிட்டால், நிர்வாகத்திடம் இரண்டு புகாரும் ஒரே கடிதத்தில் போய்விடும்!

பிராணியின் பக்கத்தையும் யாராவது பேச வேண்டுமல்லவா? யாழுக்கு மயங்கிப் பறையொலியில் உயிர்விடும் அசுணம் என்னும் உயிரினத்தைப் பற்றி நம் பழம்பாடல்கள் பேசுகின்றன. அசுணம் இருந்ததோ இல்லையோ, மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாய் 45,000 வரையும் பூனை 60,000க்கு மேலும் கேட்கக்கூடியவை. புதிதாக வில் பிடிக்கும் பிள்ளைகளின் கிரீச்சொலி எனக்கே சில மாலைகளில் தாங்குவதில்லை. மூடிய அறையில் மணிக்கணக்கில் அதைப் பூனை ஏன் தாங்க வேண்டும்? இயல்பாக நடமாட ஏற்ற இடமும் துன்பத்திலிருந்து பாதுகாப்பும் தர வேண்டியது உரிமையாளரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது.

கூச்சமுள்ள பிள்ளை பூனையைத் தடவிக்கொடுத்தால் பயம் தெளிகிறது என்பார்கள். இருக்கலாம். வகுப்பு முடிந்து, பெற்றோரும் சம்மதித்தால், வாசல் திண்ணையில் தடவிக்கொடுக்கட்டும். முக்கால் மணி நேர வகுப்பில் சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சிக்கு நடுவே அதற்கு இடமில்லை.

விஜயதசமிக்குப் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் ஆசிரியர்கள், வீட்டில் என்ன பிராணி இருக்கிறது, அது எந்த அறைகளில் நடமாடும் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிட்டுவிடலாம். பிள்ளைக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ நாய்ப் பயமோ உண்டா என்று கேட்டு, பெற்றோர் எழுதுவதற்கு அதன் கீழேயே இடம் விட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.