புகை தெரிவதற்கு முன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாணவர்களோடு கடற்படைக் கூட்டுப் பயிற்சியைப் பார்க்கப் போனதையும், பல நாட்டுப் போர்க்கப்பல்கள் ஒரே வரிசையில் வந்த அழகையும், கடல் பாதுகாப்பில் பிராந்திய ஒத்துழைப்பு இவ்வளவு வளர்ந்துவிட்டதே என்று நீ வியந்ததையும் இரண்டு முறை படித்தேன். உன் மகிழ்ச்சியைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் பிராந்திய ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டால் என் நினைவுக்கு முதலில் வருவது போர்க்கப்பல் அன்று, அமிலம் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு கொள்கலன்தான்.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலைத்தான் சொல்கிறேன். கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆன அந்தக் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அந்தச் சரக்கில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. ஒரு அமிலக் கொள்கலன் ஒழுகுவதை மாலுமிகள் கண்டறிந்து, அதை இறக்கிவைக்கக் கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும், பின்னர் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டார்கள். உரிய வசதியில்லை என்று இரண்டு இடத்திலும் மறுத்துவிட்டார்கள். 2021 மே 19 அன்று கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது, மறுநாள் தீப்பிடித்தது. ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்பகுதி கடலடித் தரையில் இறங்கிவிட்டது. இலங்கைக் கடற்கரையில் மீனவர்கள் மீன் வார வேண்டிய இடத்தில் ஆட்கள் அந்தக் கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகளை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்த படங்களை நீயும் பார்த்திருப்பாய்.

தீப்பிடித்தபின் இந்தியக் கடலோரக் காவல்படை விரைந்து வந்தது. அதில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், ஏறத்தாழ 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு பாராதீப்புக்கு வந்துகொண்டிருந்த நியூ டைமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் இலங்கையின் கிழக்கே எரிந்தபோது, இந்தியா, இலங்கை இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து நாள்கணக்கில் நீரைப் பாய்ச்சித் தீயை அணைத்ததையும், மாலுமி ஒருவர் உயிரிழந்த அந்த விபத்தில் சரக்கு எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியதையும் மறப்பதற்கில்லை. புகை தெரிந்துவிட்டால் ஓடிவருவதில் நம் பிராந்தியம் தேர்ந்துவிட்டது. புகை தெரிவதற்கு முன், கெட்ட செய்தி மட்டும் கையில் இருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் நாம் தடுமாறுகிறோம். இடரில் சிக்கிய கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-லேயே வழிகாட்டுதல்களை வெளியிட்டது. முந்தைய ஆண்டு ஸ்பெயின் கரையோரம் புகலிடம் கிடைக்காமல் இழுத்தடிக்கப்பட்டு இரண்டாக உடைந்த பிரஸ்டீஜ் கப்பல் கற்பித்த பாடம் அது. ஆனால் கப்பலை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று எந்த நாட்டையும் அது கட்டாயப்படுத்துவதில்லை. மறுக்கும் துறைமுகம் குறைந்தபட்சம் அடுத்த துறைமுகத்தைத் தானே அழைத்து, வரும் கப்பலின் நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்பதை ஒரு வழக்கமாக்கினாலே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்தியை மறைப்பதில் கப்பல்காரர்களான நமக்கும் பங்கு உண்டு. நான் இரண்டாம் அதிகாரியாக இருந்தபோது மலாக்கா நீரிணையில் நடந்ததை உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? இரவு பன்னிரண்டு முதல் நான்கு மணி வரையிலான வாட்ச், அதாவது காவல் முறை, என்னுடையது. கொள்ளையர் ஏறாதபடி கப்பலின் இருபுறமும் தண்ணீர்க் குழாய்கள் பீய்ச்சிக்கொண்டிருக்க, பின்தளத்தில் இருவரை டார்ச்சோடு நிறுத்தியும், எஞ்சின் உதிரிபாக அறையின் பூட்டு உடைந்திருந்ததை விடிந்தபின்தான் பார்த்தோம். கம்பித் தடுப்பில் ஒரு கொக்கியும் சிறிது கயிறும் தொங்கிக்கொண்டிருந்தன. கேப்டன் அந்தக் கயிற்றை அறுத்துக் கடலில் போடச் சொன்னார். புகார் கொடுத்தால் விசாரணை என்று ஒரு நாள் நிற்க வேண்டியிருக்கும், போன சாமான் அந்த ஒரு நாள் வாடகைக்குக் கூடப் பெறாது என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த கப்பலுக்கு எச்சரிக்கை போகவில்லை.

பின்னாளில் அந்த நீரிணையில் கொள்ளை குறைந்ததற்கு ஒத்துழைப்பு ஆசை மட்டும் காரணமன்று. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-இல் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. 2005-இல் லண்டன் காப்பீட்டுச் சந்தை அந்தப் பாதையை, காப்பீட்டுக் கட்டணம் கூடும் போர் அபாயப் பட்டியலில் சேர்த்ததும் வேகம் கூடியது. வான்வழி ரோந்தும் வந்தது. 2006 ஆகஸ்டில் நீரிணையின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. அதே ஆண்டு, கடற்கொள்ளையைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ரீகாப் உடன்பாட்டின் தகவல் பகிர்வு மையம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. நீரிணையின் இரு கரைகளுக்கும் சொந்தக்காரர்களான மலேசியாவும் இந்தோனேசியாவும் அதில் உறுப்பினராகாமலேயே தகவல் தந்து வருவதுதான் வேடிக்கை. இறையாண்மை விஷயத்தில் கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களும் தொலைபேசியை எடுப்பார்கள் போலிருக்கிறது.

இறையாண்மையைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. 12 கடல் மைலுக்கு வெளியே நடந்தால் கடற்கொள்ளை, உள்ளே நடந்தால் ஆயுதக் கொள்ளை என்று சட்டம் பிரித்திருக்கிறது. துரத்திச் செல்லும் கப்பல் இன்னொரு நாட்டின் எல்லையைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருப்பவன் யார் என்பது முன்பே பேசி முடிவாகியிருந்தால்தான் துரத்தியதற்குப் பயன். பிடித்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. 2024 மார்ச்சில் ரூயன் கப்பலை மீட்டு, 35 சோமாலியக் கொள்ளையரை நம் கடற்படை மும்பைக்குக் கொண்டுவந்து போலீசிடம் ஒப்படைக்க முடிந்ததென்றால், 2022-ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் கையில் இருந்ததும் ஒரு காரணம். முன்பு பல நாட்டுக் கடற்படைகள், விசாரிக்க இடமில்லாமல், பிடித்தவர்களைக் கரையில் இறக்கிவிட்டுப் போயிருக்கின்றன.

உன் மாணவர்களுக்கு அடுத்த வகுப்பில் அந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் அமிலக் கொள்கலனைப் பற்றிச் சொல். ஹசீராவில் மறுத்த அன்று, கப்பலிலிருந்து யாருக்கெல்லாம் எந்த வாசகத்தில் செய்தி அனுப்பியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொல். நன்றாக எழுதியவை இரண்டு மூன்றை எனக்கும் அனுப்பிவை.

அன்புடன்,
ராகவன்