சாக்ரடீஸ் எதற்குக் கீழ்ப்படிந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீர்ப்பு தவறானாலும் தலைவணங்க வேண்டும் என்பதே சாக்ரடீஸ் விட்டுச்சென்ற பாடம் என்று கடந்த இதழ்க் கட்டுரை முடிகிறது. அது பாதி உண்மை. மீதியைச் சொல்லாவிட்டால், எந்த ஆணைக்கும் பணிந்துபோகச் சொன்னவராக அவர் ஆகிவிடுவார்.

கி.மு. 399இல் ஏதென்ஸில் அவர் மீதான தெய்வ நிந்தனை வழக்கைக் கேட்டவர்கள் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்ட குடிமக்கள், ஏறத்தாழ 500 பேர். தண்ணீர்க் கடிகாரம் அளந்துகொடுத்த நேரத்துக்குள் இரு தரப்பும் பேசி முடிக்க வேண்டும். வாக்களிப்பவர்கள் தங்களுக்குள் கலந்துபேசுவதில்லை. ஒரே நாளில் முடிவு, மேல்முறையீடு கிடையாது. 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலை ஆகியிருப்பார்.

கட்டுரை தவறவிட்ட இடம் அடுத்த கட்டம். தெய்வ நிந்தனைக்கு ஏதென்ஸ் சட்டம் தண்டனையை வரையறுக்கவில்லை. குற்றம் உறுதியானதும் வழக்குத் தொடுத்தவர் ஒரு தண்டனையும் குற்றவாளி ஒரு தண்டனையும் கேட்பார்கள். அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இடைப்பட்டதாக ஒன்றை விதிக்க அதிகாரமில்லை. வழக்குத் தொடுத்த மெலிட்டஸ் மரணம் கேட்டார். சாக்ரடீஸோ முதலில் நகரத்தின் செலவில் விருந்து தனக்குத் தகும் என்றார். பிறகு ஒரு மினா, அதாவது 100 டிராக்மா வெள்ளி, அபராதம். கடைசியில் நண்பர்கள் பிணை நிற்க 30 மினா, அதாவது 3,000 டிராக்மா. நாடுகடத்தல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மன்றம் மரணத்தையே தேர்ந்தெடுத்தது.

டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பதால் ஒரு மாதம் சிறையில் கழிந்தது. அவரைத் தப்பவைக்க நண்பர் கிரீட்டோ பணத்தோடு வந்தார், ஏதென்ஸுக்கு வெளியே தெசாலியில் தங்க இடமும் ஏற்பாடாகியிருந்தது. சாக்ரடீஸ் மறுத்த காரணம் துல்லியமானது. பிடிக்காதவன் உடைமைகளோடு வெளியேறலாம் என்று நகரம் 70 வயதுவரை கதவைத் திறந்து வைத்திருந்தது. சட்டம் தவறென்றால் வாதாடி மாற்றவும் இடம் தந்தது. அப்படியிருந்தும் தங்கியதே, சட்டங்களுக்குக் கட்டுப்படுவதாகச் செய்த ஒப்பந்தம் என்பது அவர் வாதம். நீதிமன்றத்தில் கேட்டிருந்தால் அனுமதியோடே கிடைத்திருக்கக்கூடிய நாடுகடத்தலை, இப்போது இரவில் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்வதா? தனக்கு அநீதி செய்தவர்கள் மனிதர்கள், சட்டங்கள் அல்ல என்றே அவர் கருதினார். உயிர் வழக்கை ஒரே நாளில் முடிக்கும் விதி தவறென்றும் அந்த மன்றத்திலேயே சொன்னவர் அவர்.

ஆனால் இதே மனிதர் கி.மு. 406இல், ஆர்கினுசே கடற்போர்த் தளபதிகள் அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க மக்கள் சபை கூச்சலிட்டபோது, அது சட்டவிரோதம் என்று எதிர்த்து நின்றார். பின்னர் ஏதென்ஸைக் கைப்பற்றிய முப்பது பேரின் கொடுங்கோல் ஆட்சியான முப்பதின்மர் ஆட்சி, சலாமிஸ் தீவுக்காரரான லியோனைக் கொல்வதற்காக இழுத்துவரும்படி ஐந்து பேருக்கு ஆணையிட்டது. நால்வர் போனார்கள், சாக்ரடீஸ் வீட்டுக்குப் போனார். தனக்கு இழைக்கப்படும் அநீதியைத் தாங்குவது வேறு, ஆணையின் பேரில் பிறருக்கு அநீதி இழைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் கட்டுரையின் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியேறும் உரிமையும் வாதாடி மாற்றும் வாய்ப்பும் இருந்ததால்தான் தங்கியிருந்ததே ஒப்பந்தமாகிறது. ஏதென்ஸின் அடிமைகளுக்கு இரண்டும் இல்லை. பெண்களுக்குச் சபையில் குரலே இல்லை. அவர்களை இந்த வாதம் கட்டுப்படுத்தாது என்றே நான் கருதுகிறேன். கட்டுரையாளர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி