தீ வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

காட்டைக் காப்பவர்களே காட்டுக்குத் தீ வைக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வைக்கலாம். வருஷக்கணக்கில் சேர்ந்த சருகை ஒரு நல்ல நாள் பார்த்து நாம் எரிக்காவிட்டால், கெட்ட நாளில் அது தானாக எரியும்.

நாள் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. காற்றின் வேகம், திசை, ஈரப்பதம், சருகின் ஈரம் எல்லாவற்றுக்கும் வரம்பு எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அன்றைக்கு வேண்டாம். காற்றே இல்லாத நாளும் சரிப்படாது. புகை அங்கேயே தங்கிவிடும். மண் தெரியச் செதுக்கிய தீத்தடுப்புக் கோடு முதலில், அப்புறம் ஓரத்தில் சின்னதாக ஒரு சோதனைத் தீ. அது அடக்கமாக எரிந்தால்தான் மேலே.

என் கவலை அணைத்த பிறகுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், 2022 ஜனவரியில் எரித்த மரக்குவியல்களின் கங்கு பனிக்கு அடியிலேயே கனன்று, ஏப்ரலில் மறுபடி பற்றியது. கைமீறிய இன்னொரு திட்டமிட்ட தீயோடு அது சேர்ந்து 3,40,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. கட்டையைப் புரட்டி, சாம்பலருகே புறங்கையைக் காட்டி, சூடு தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கிளற வேண்டும். அலுப்பான வேலை, யாரும் படம் பிடிக்க வர மாட்டார்கள். அந்த நாட்களுக்கான ஆளும் கூலியும் தண்ணீர் வண்டியும் திட்டத்திலேயே இருக்கட்டும்.

எரிக்கும் தேதியைச் சுற்றுவட்டாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

- ஒரு வாசகர்